உப்புக் காற்றில் ஒரு லேசர்

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனியின் சிடிபி-101 கடைகளுக்கு வந்தது. விலை 1,68,000 யென். அடுத்த ஆண்டு, 1983-ல், சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் திறந்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் வடசென்னையில் பிறந்து வளர்ந்தவனால் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. உலகத்தின் நல்ல சாமான்களெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். எங்கள் வீட்டில் நிற்காது, அவ்வளவுதான்.

விலை உயர்ந்த சிடி பிளேயர்களை ஒப்பிடுகிறவர்கள் எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எது நன்றாகப் பாடுகிறது? எது நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது? நான் திருவொற்றியூர்க்காரன். முதல் கேள்விக்கு டோக்கியோவிலும் லண்டனிலும் என்ன பதிலோ அதேதான் எங்கள் ஊரிலும். இரண்டாவது கேள்வி அப்படியில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், சாம்பலும் கரித்தூளும் பறக்கிற இடத்தில், கட்டுமானம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தப் பெட்டிகள் இங்கே எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று தலைமுறையாக ரங்கூனில் வியாபாரம் செய்த தமிழர்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வந்து இறங்கிய இடம் மெட்ராஸ் துறைமுகம். பலர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். எண்ணூரில் இன்றைக்கும் பர்மா நகர் இருக்கிறது. 1969-ல் அவர்களுடைய பிழைப்புக்காக, பீச் ஸ்டேஷனை ஒட்டி ராஜாஜி சாலையின் நடைபாதையில் வரிசையாகக் கடைகள் போட்டுக்கொள்ள இடம் ஒதுக்கினார்கள். அதுதான் பர்மா பஜார்.

துறைமுகத்துக்கு எதிரிலேயே அகதிகளுக்குக் கடை கொடுத்தால் அங்கே என்ன விற்கும்? துறைமுகத்தில் இறங்குவதுதான் விற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், சுங்க இல்லமும் அதே ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது. வரி போடுகிற ஆபீசும், வரி கட்டாத சாமான் விற்கிற கடையும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில். இந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சாலையைத்தான் காட்டுவேன்.

சிங்கப்பூருக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் அப்போது பயணிகள் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ரஜூலா போன பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவையும் முடிந்தது. பிறகு எல்லாம் விமானம்தான். போய்ப் போய் வந்து சாமான் கொண்டுவருகிறவர்களுக்குக் 'குருவி' என்று பெயர். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். குருவியால் எவ்வளவு தூக்க முடியும் என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

மெட்ராஸில் சிடி பிளேயரின் கதையைத் தீர்மானித்தது இந்த எடைக் கணக்குதான் என்பது என் கட்சி. 1984 கடைசியில் சோனி டி-50 வந்தது. நான்கு சிடி உறைகளை அடுக்கி வைத்த உயரம், 49,800 யென். சட்டப்படி இறக்குமதி செய்தால் வரியே பொருளின் விலையைத் தாண்டுகிற காலம் அது. அந்தச் சின்னப் பெட்டியைச் சட்டைகளுக்கு நடுவில் சுருட்டி எடுத்து வந்துவிடலாம். ஆனால் ஹை-எண்ட் என்று சொல்லப்படுகிற பிளேயர் பத்து கிலோவைத் தாண்டும். தடித்த அலுமினிய முகப்பு, தனித்தனி டிரான்ஸ்பார்மர், செம்பு முலாம் பூசிய அடித்தட்டு. அதைத் தூக்கிக்கொண்டு எந்தக் குருவியும் பறக்காது. ஒரு கனத்த பிளேயரின் எடையில் எத்தனை வாக்மேன் கொண்டுவரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டர் கிடைத்தது, டெக் கிடைத்தது, டிஸ்க்மேன் கிடைத்தது. உலகத்தின் ஆடியோ பத்திரிகைகள் கொண்டாடிய பெரிய பெட்டிகள் தாமதமாக, பழசாகி, வேறு வழிகளில் வந்தன. வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்களின் வீட்டுச் சாமானோடு சில வந்தன. 2000-க்குப் பிறகு பழைய எலக்ட்ரானிக் சாமான்களோடு சில வந்தன.

அப்படி வந்த ஜப்பான் உள்நாட்டு மாடல்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டில் 230. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைச் சொருகினால் ஒரு நொடியில் டிரான்ஸ்பார்மர் புகையும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடவே கூடாது. ரிச்சி தெருவில் பழைய பிளேயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது முகப்பை அல்ல, முதுகை.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

ஆரம்பத்திலேயே இரண்டு குடும்பங்கள் இருந்தன. சோனி குடும்பம், பிலிப்ஸ் குடும்பம். சிடியைச் சேர்ந்து உருவாக்கியவர்கள்தான், ஆனால் அதைப் படிப்பதில் ஒத்துப்போகவில்லை. சிடியில் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு சேனலுக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். சோனி 16 பிட் டிஏசி ஒன்றே ஒன்றை வைத்து, இடது வலது இரண்டு சேனலுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பிலிப்ஸிடம் இருந்தது டிடிஏ1540 என்கிற 14 பிட் சிப். இரண்டு பிட் குறைவு. அதைச் சரிக்கட்ட, எண்களை நான்கு மடங்கு வேகத்துக்கு, அதாவது 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி, பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சிப்பிலிருந்து கிட்டத்தட்ட 16 பிட்டின் வேலையை வாங்கினார்கள். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத் தோன்றும். வன்பொருளில் இல்லாததைக் கணக்கில் ஈடுகட்டிய கில்லாடித்தனம் அது. பின்னாளில் எல்லோரும் இந்த வழிக்குத்தான் வந்தார்கள், சோனி உட்பட.

சோனியின் ஒற்றை டிஏசியால் இரண்டு சேனலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வரும். அதை அப்போது பெரிய குறையாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நொடியை 44,100-ஆல் வகுத்து அதில் பாதி, சுமார் 11 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் காற்றில் சத்தம் நகர்கிற தூரம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர் தலையை லேசாகச் சாய்த்தாலே இதைவிட அதிகம் நகரும். ஹை-எண்ட் உலகத்தின் பாதிச் சண்டைகள் இந்த 4 மில்லிமீட்டர் ரகம் என்பது என் அபிப்பிராயம். கோபப்படுகிறவர்கள் படட்டும்.

கட்டுமானம் அப்படியல்ல. அது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். ஒரு முழு சிடியில் தடத்தின் நீளம் 5 கிலோமீட்டருக்கு மேல். ராயபுரத்தில் கிளம்பினால் கிட்டத்தட்ட திருவொற்றியூருக்கே வந்துவிடலாம். அந்தத் தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அதை லேசர் தொடாமலேயே பின்தொடர வேண்டும். பிலிப்ஸ் தன்னுடைய ஆரம்பகால சிடிஎம் இயக்கங்களில் லேசரை ஒரு ஊசல் கையில் வைத்தது. பழைய கிராமபோன் கை மாதிரி ஒரு வீச்சில் உள்ளிருந்து வெளியே போகும். பல்சக்கரம் இல்லை, தண்டவாளம் இல்லை. தேய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. சிடிஎம்-1-ன் அடித்தளம் வார்ப்பு உலோகம், லென்ஸ் கண்ணாடி. சோனி இஎஸ் வரிசை என்று கனத்த பெட்டிகளைச் செய்தது. டீயாக் தன் விஆர்டிஎஸ் இயக்கத்தில் சிடியை மேலிருந்து அதே அகலமுள்ள ஒரு தட்டால் அமுக்கிப் பிடித்துச் சுழற்றியது. பயனியர் சிடியைக் குப்புறப் போடச் சொன்னது. நெய்ம் ஒரு காந்தக் குமிழால் வட்டைப் பிடித்தது. மாரன்ட்ஸில் கென் இஷிவாட்டா, 1990-களின் நடுவில், சிடி-63 என்கிற நடுத்தர பிளேயரை எடுத்துச் செம்பு முலாமும் நல்ல பாகங்களும் போட்டுத் தன் கையெழுத்தோடு வெளியிட்டார். பத்து வருடம் முன்னால் வந்த ஒரு மாரன்ட்ஸுக்கும் அதே சிடி-63 என்றுதான் பெயர். பழைய சாமான் சந்தையில் இதனால் நடக்கும் குழப்பத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இவ்வளவு பாடுபட்டு நிலைநிறுத்துகிற வட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்பதில்லை. காரணம் 1960-ல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இருவர் எழுதிய பிழைதிருத்தக் கணக்கு. சிடியில் அது இரண்டு அடுக்காக, தரவுகளைக் கலைத்துப் போட்டு வேலை செய்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுமே படிக்க முடியாமல் போனாலும் இழந்ததை அப்படியே, ஒரு பிட் மாறாமல் மீட்டுவிடும். கனத்த பிளேயர் அந்தக் கணக்குக்குக் குறைவாக வேலை கொடுக்கும், இலேசான பிளேயர் அதிகமாகக் கொடுக்கும். வெளியே வருகிற எண்கள் பெரும்பாலும் ஒன்றேதான். இந்த இடத்தில்தான் விலைப்பட்டியல் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர ஒலிப்பதிவை ஒருமுறை அப்படியே, ஒருமுறை சிடி தரத்துக்குக் குறுக்கி, எது எது என்று கேட்பவர்களுக்குச் சொல்லாமல் ஒலிபரப்பினார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. பூவா தலையா போட்டாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தோம். ஒரு பழைய கனத்த ஜப்பான் பிளேயர், 90-களின் மாரன்ட்ஸ் ஒன்று, பர்மா பஜாரில் முன்பு வாங்கிய சீன விசிடி பிளேயர். மல்டிமீட்டர் வைத்து மூன்றின் சத்த அளவையும் சமன் செய்தேன். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வைக்கிற பெட்டிதான் எப்போதும் ஜெயிக்கும். வட்டு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்தது, வயலின்கள் நிறைந்தது, சத்தமும் மௌனமும் சோதனைக்கு வாகாக அமைந்தது. இரண்டு நண்பர்கள் திரைக்கு இந்தப் பக்கம். விசிடி பிளேயரை இருவரும் கண்டுபிடித்தார்கள். பாட்டு நின்ற இடைவெளிகளில் மெல்லிய உறுமல் கேட்டது. மலிவான பவர் சப்ளையின் கைவரிசை. மற்ற இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவன் பல வருடமாக மாரன்ட்ஸின் 'வெப்பம்' பற்றி என்னிடம் பேசி வருகிறவன். அன்றைக்குப் பிறகு அவன் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பாவையும் உட்காரச் சொன்னோம். 28 வருடம் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். மூன்று பெட்டியும் அவருக்கு ஒன்றுதான், விசிடி உட்பட. உறுமலும் அவருக்குக் கேட்கவில்லை, வயலினின் கீறலும் கேட்கவில்லை. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குச் செவித்திறன் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். பேச்சில் மெய்யெழுத்துகளின் கூர்மையும் வயலினின் பளபளப்பும் இருக்கிற இடம் அது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கவேண்டிய நோயாகச் சேர்த்திருந்தார்கள். எங்கள் தெருவில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்காத வீடு குறைவு. அதை நோய் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், பக்கத்துல போய்ச் சொல்லு' என்பார்கள். அவ்வளவுதான். திருவொற்றியூரில் 1955-லிருந்து மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், எண்ணூரில் லாரி செய்கிறார்கள். ஒரு ஊரே 20 கிலோஹெர்ட்ஸ் பற்றிய விவாதத்திலிருந்து அப்படிச் சத்தமில்லாமல் வெளியேறியிருக்கிறது.

ஆனால் அப்பா எழுந்து போகவில்லை. "மேல் மூடியக் கழட்டு" என்றார். கழட்டினேன். ஜப்பான் பெட்டியின் இயக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். தட்டியது காதுக்காக அல்ல, விரலுக்காக. "டை காஸ்ட்டிங். நல்ல அச்சு. பிசிறே இல்ல பாரு." அடித்தட்டில் மடிப்பு விழுந்திருந்த இடங்களை நகத்தால் தடவினார். எத்தனை டன் பிரஸ் இதை மடித்திருக்கும் என்று ஒரு எண் சொன்னார். செம்பு முலாம் பூசிய திருகுகளை எண்ணினார். பிறகு மாரன்ட்ஸைப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா தகரம் மெல்லிசு. காசு முகப்புல போயிருக்கு" என்றார். விசிடி பிளேயரின் தகடு கையைக் கிழிக்கும் என்று என் தங்கையிடம் எச்சரிக்கை செய்தார். பத்திரிகைகளில் நான் படித்த எத்தனையோ விமர்சனங்களில் இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததில்லை. எழுதியவர்கள் யாரும் தகடு மடித்தவர்கள் இல்லை.

மெல்லிய தகரம் எங்கள் ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. ராயபுரத்துக்காரர்களுக்குத் தெரியும், துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் காயப்போட்ட துணி கறுத்துப் போகும். 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை அங்கிருந்து நிறுத்தியது. கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. 2001-ல் முதன்மையாக நிலக்கரிக்காகவே திறக்கப்பட்ட துறைமுகம் அது. ராயபுரத்தின் தூசு எண்ணூருக்குக் குடிபோனது என்று சொல்லலாம். எண்ணூரில் ஏற்கெனவே அனல்மின் நிலையங்கள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. காற்றில் உப்பு, சாம்பல், கந்தகம்.

கந்தகம் சிடிக்கு என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு கதை இருக்கிறது. பிளாக்பர்னில் பிலிப்ஸ்-டுபான்ட் தொழிற்சாலை 1988-க்கும் 1993-க்கும் இடையில் அச்சடித்த சில வட்டுகள் ஓரத்திலிருந்து பழுப்பேறின. அலுமினியத்துக்குப் பதில் வெள்ளி பூசியிருந்தார்கள்; மேல்பூச்சு சரியில்லை; உறைக்குள் வைத்த தாளில் இருந்த கந்தகமே வெள்ளியைத் தின்றுவிட்டது. அங்கே உறைக்குள் இருந்த தாளே இத்தனை செய்தது என்றால், தெருவெல்லாம் கந்தகம் கலந்த காற்றில் பிளேயருக்குள் இருக்கிற செம்புத் தடங்களும் வெள்ளி பூசிய தொடுமுனைகளும் என்ன பாடுபடும்? நான் திறந்து பார்த்த பெட்டிகளில் மின்பலகையின் ஓரங்களில் பச்சை பூத்திருக்கிறது. லென்ஸின் மேல் மெல்லிய படலம். மின்தேக்கிகளின் கதை வேறு. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதைப் போட்டுப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் கனத்த பெட்டி சும்மா இல்லை. செம்பு முலாம் சத்தத்தை மாற்றுகிறதோ இல்லையோ, அடியில் இருக்கிற இரும்பு துருப்பிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. இறுக்கமான மூடி தூசியைத் தடுக்கிறது. ஊசல் கையில் தேய்வதற்குப் பல்சக்கரம் இல்லாததால் கரித்தூள் புகுந்து சிக்குவதும் குறைவு. ஹை-எண்ட் ஆட்கள் தவறான காரணத்துக்காகச் சரியான பொருளைச் செய்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணூரிலிருந்து பார்க்கும்போது தோன்றுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஆம்ப்ளி, பாக்ஸ், சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிற சவுண்டு செட்டுகள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. சிடி பிளேயர் என்றால் என்னைப் போல மூன்று நான்கு பேர்தான் போவோம். அவரிடம்தான் ஒரு ரகசியம் தெரிந்துகொண்டேன். கேஎஸ்எஸ்-213 என்று ஒரு சோனி லென்ஸ் உண்டு. 700 ரூபாய் விசிடி பிளேயரிலும் அதுதான். வெளிநாட்டில் லட்சத்துக்குப் பக்கத்தில் விற்ற சில பிளேயர்களைத் திறந்தாலும் உள்ளே அதே குடும்பத்து லென்ஸ்தான். "மேல இருக்கற கோட்டு வேற தம்பி. கண்ணு ஒண்ணுதான்" என்றார். விசிடி காலம் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த லென்ஸ்கள். ஒரே வட்டில் நூறு, நூற்றைம்பது எம்பி3 பாட்டு என்று நடைபாதையில் விற்கத் தொடங்கிய பிறகு சாதாரண சிடியையே யாரும் சீந்தவில்லை. பிறகு பென்டிரைவ் வந்தது, விசிடி பிளேயர்களும் குப்பைக்குப் போயின. அவர் கண்களை மட்டும் பிடுங்கி எடுத்து வைத்துக்கொண்டார்.

என்னுடைய கனத்த பெட்டிக்கு அந்த டின்னில் மாற்று இல்லை. அது பழைய வார்ப்பு இயக்கம், அந்த லென்ஸ் செய்வதை நிறுத்தி வருடக் கணக்காகிறது. இப்போதைக்கு ஓடுகிறது. சில வட்டுகளின் கடைசிப் பாட்டில் மட்டும் தயங்குகிறது. அண்ணன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து லென்ஸை ஒரு சுற்றுத் துடைத்துக் கொடுத்தார், ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். "மழைக்காலம் வரைக்கும் தாங்கும்பா. பீச் லைன்ல ஒருத்தன்கிட்ட இதே மாதிரி செத்துப்போன செட்டு ஒண்ணு கிடக்குதாம். வந்தா போன் பண்றேன்" என்றார்.